வீட்டுக்காக அழுபவர்களும் வீட்டை வாங்குபவர்களும்

நம் சிற்றிதழ்களில் ஒரு கட்டுரை வகை நெடுங்காலமாக வெளிவந்துகொண்டிருக்கிறது. எழுதுபவர் மாறுவார், ஊர் மாறும், கட்டுரை மாறாது. முதல் பத்தியில் திண்ணை வரும். இரண்டாவதில் முற்றத்து மழை. பிறகு கிணறு, பவழமல்லி, மாடப்பிறை, பாட்டி. கடைசிக்கு முந்தைய பத்தியில் வீடு விற்கப்படும். கடைசிப் பத்தியில் மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார். நானும் துடைத்துக்கொண்டவன்தான். திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த வியாதி சற்றுக் கூடுதலாகவே வாய்த்திருக்கிறது. வண்ணதாசனைப் படித்து வளர்ந்த எவருக்கும் சுடலைமாடன் கோவில் தெருவில் ஒரு வீடு, நேரில் பார்த்திராவிட்டாலும், சொந்தமாக இருக்கும்.

இந்தக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் மட்டும் எப்போதும் செயப்பாட்டுவினையில் அமையும்: ‘வீடு விற்கப்பட்டது.’ விற்றது யார், யாருக்கு, அதற்குமுன் எத்தனை ஆண்டு அது பூட்டிக் கிடந்தது, வாங்கியவர் ஏன் இடித்தார் என்பவை இரா. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டுமே இங்கே எழுத விரும்புகிறேன்.

காரணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய அக்கிரகார வீட்டை விலைக்குப் பேசி எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம். இடித்துக் கட்டு என்பது முதல் கட்சி. ஒரு செங்கலையும் தொடாதே என்பது இரண்டாவது. ‘உனக்கு எதற்கு அந்தத் தெருவில் வீடு’ என்பது மூன்றாவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்று கட்சிகளோடும் எனக்குப் பிணக்கு உண்டு. நான் சொல்ல வருவது சுருக்கமானது. தாமிரபரணிக் கரையின் பழைய வீடுகளை அழிப்பது இடிப்பவன் அல்லன். அவன் கடைசியாக வருகிறவன். குடியிருக்கவும் மாட்டேன், குடியிருக்க வருபவனுக்குக் கொடுக்கவும் மாட்டேன் என்று பூட்டி வைத்துக்கொண்டு உருகுகிற பற்றுதான் அவற்றை அழிக்கிறது. அந்தப் பற்று விற்பவரிடம் மட்டுமல்ல, வாங்க வருகிற நம்மிடமும் இருக்கிறது.

*

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். இருபுறமும் அடுத்த வீட்டோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் நீள வீடு. தெருத் திண்ணை, நடை, தார்சா, முற்றம், பட்டாசல், இருட்டான அரங்கு, அடுக்களை, இரண்டாம் கட்டு, கிணறு, புறவாசல். மேலே மச்சும் தட்டட்டியும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மட்டப்பா, தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. பதினோரு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சொல்லும் விலை, சென்னைப் புறநகரில் ஒற்றைப் படுக்கையறை அடுக்ககத்தின் விலையில் பாதிகூட இல்லை.

இந்த வீடு எனக்குப் புதிதல்ல. என் அம்மா இந்தத் தெருவில் பல வீடுகளுக்குப் பால் கொடுத்தவள். பள்ளி இல்லாத நாட்களில் தூக்குவாளியோடு நானும் போவேன். எல்லா வீடுகளையும் பின்பக்கமாகத்தான் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்த இடத்தில் கிணறு, எந்தப் புறவாசல் கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் இன்றும் சொல்வேன். திண்ணையும் தார்சாவும் எப்படி இருக்கும் என்பதை, விலை பேசப் போனபோதுதான் பார்த்தேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பழைய வீட்டைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகள் அனைத்தும் முன்வாசலிலிருந்து எழுதப்பட்டவை என்பதால், புறவாசலிலிருந்து பார்த்தவனின் கணக்கும் ஒன்று இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

*

முதல் கட்சிக்கு வருவோம். ‘இடத்தின் விலைக்குத்தான் வாங்குகிறாய். கட்டடத்துக்கு மதிப்பில்லை. இடித்துவிட்டுத் தூண் நிறுத்திக் கட்டு.’ இதைச் சொல்பவர் பெரும்பாலும் பொறியாளர், அல்லது பொறியாளரை மைத்துனராகக் கொண்டவர். அவர்கள் முட்டாள்கள் அல்லர். கட்டைகளின் நுனி சுவருக்குள் புகும் இடத்தில் செல் அரித்திருந்தால், வெளியில் பார்க்கத் தேக்கு முழுதாகத் தெரிந்தாலும், உள்ளே வெறும் கூடுதான் இருக்கும். மட்டப்பாவின் தட்டோடு பெயர்ந்து ஐந்தாறு மழைகள் உள்ளே இறங்கியிருந்தால் தளம் ஒரு நாள் மொத்தமாக வரும். அடுத்த வீட்டை இடித்தவர்கள் பொதுச்சுவரைத் தாங்கல் இல்லாமல் விட்டிருந்தால் அதன் பாரம் நம் தலையில்தான். இவற்றையெல்லாம் பார்க்காமல் திண்ணையைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுப்பவர் இடிப்பவரைவிட எவ்விதத்திலும் மேலானவர் அல்லர். பழைய வீட்டைப் பார்க்க வெயிலில் போகக் கூடாது. ஐப்பசி அடைமழையில், குடையை மடக்கி வைத்துவிட்டு, உள்ளே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கட்டை ஒவ்வொன்றின் நுனியையும் உளியின் பின்புறத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். சுவரில் ஈரம் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று கரிக்கோடு போட்டுவிட்டுக் கோடையில் வந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் ‘மதிப்பில்லை’ என்ற தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுவரை முன்பே கொன்றுவிட்ட சிமெண்ட்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றுக்கு விட்டுவிடும். வாங்குவதும் விடுவதுமாகத்தான் அது நூறாண்டு நிற்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும். உவர் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் இன்னும் கெட்டியாகச் சிமெண்ட் பூசுவார்கள். பத்தாண்டுகளில் உள்ளே செங்கல் மாவாகிவிடும். பிறகு பொறியாளர் வந்து விரலால் சுரண்டிக் காட்டி, ‘பார்த்தீர்களா, பழைய சுவர்’ என்பார். நோயை உண்டாக்கிய மருந்தே நோய்க்குச் சாட்சியும் சொல்கிறது.

என்னோடு வீட்டைப் பார்க்க வந்த முதிய கொத்தனார் இதை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். தார்சாச் சுவரில் யாரோ பூசியிருந்த சிமெண்டைக் கரண்டியால் நெம்பிக்கொண்டே, “தம்பி, இது வேர்த்து ஆறுத சுவருல்லா. இதுக்குப் போயி ரப்பர் சட்டை போட்டு விட்டுருக்கான்” என்றார். “சரி பண்ணலாமா அண்ணாச்சி” என்று கேட்டேன். “பண்ணலாம். சுண்ணாம்பு கிடைக்கும், கடுக்காய் கிடைக்கும், கருப்பட்டிக்கு நம்மூர்ல பஞ்சமா? அரைக்க ஆள்தான் கிடைக்காது” என்றார். பழுதுபார்ப்பில் பொருளுக்கு ஆகும் செலவு குறைவு, கைக்கு ஆகும் செலவு அதிகம் என்பதைத்தான் அவர் சொன்னார். புதுக்கட்டடத்தில் பணம் கம்பிக்கும் சிமெண்டுக்கும் போகிறது. பழுதுபார்ப்பில் அது பெரும்பாலும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் சித்தாளுக்கும் போகிறது. இவ்விரண்டில் எது ‘வீண் செலவு’ என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும்.

இதில் உள்ளூர் வரலாறு ஒன்றும் உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தை 1946இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் கல்லிடைக்குறிச்சிக்காரரான சங்கரலிங்க ஐயர். ஆலையைச் சுற்றி எழுந்த சங்கர்நகர் அவர் பெயரால் வழங்குவதே. இந்தத் தெருக்களில் பிறந்த மூலதனமும் துணிவும்தான் இந்தத் தெருக்களின் காரைச் செக்குகளை ஓயவைத்தன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அணையும் பாலமும் பள்ளிக்கூடமும் சிமெண்டால்தான் வந்தன. அக்கிரகாரம் என்பது காலத்துக்கு வெளியே அமர்ந்து வேதம் ஓதிக்கொண்டிருந்த இடம், வெளியிலிருந்து வந்த நவீனம் அதை அழித்துவிட்டது என்கிற கதை உண்மையல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் வங்கித் தொழில் செய்தார்கள், ஆலை வைத்தார்கள், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போனார்கள். 1961இல் நில உச்சவரம்பும் 1963இல் இனாம் ஒழிப்பும் வந்தபின் வயலோடு இருந்த மிச்சக் கட்டும் தளர்ந்தது. வீடு பின்தங்கிவிட்டது. போனது சரிதான். போனவர்கள் சாவியையும் கொண்டுபோனதுதான் சிக்கல்.

*

மலிவு ஏன் என்று யோசிக்காமல் மலிவான வீட்டை வாங்கக் கூடாது. பழைய வீட்டின் விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் சுவரால் அல்ல, கையெழுத்துகளால். தாத்தா பெயரில் மூலப்பத்திரம் இருக்கும். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர்களில் மூவர் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் நாலு தேசங்களில் இருப்பார்கள். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சில் நடந்திருக்கும். பெண்களைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். பாகப்பிரிவினையில் மகளுக்குச் சம உரிமை தமிழகத்தில் 1989இலேயே சட்டமானது. நாடு முழுவதும் 2005இல். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ‘அக்காவெல்லாம் ஒன்றும் கேட்கமாட்டாள் சார்’ என்று சொல்பவரிடம், அக்காவின் கையெழுத்து எங்கே என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. அக்கா கேட்கமாட்டாள் என்பது அவளைப் பற்றிய தகவல் அல்ல. அவளை யாரும் கேட்கவில்லை என்பதன் ஒப்புதல் வாக்குமூலம்.

இன்னொன்று அடிமனை. ஆற்றங்கரை ஊர்களில் வீடு ஒருவருடையதாகவும் மண் கோவிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருப்பது அபூர்வமல்ல. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோவில் நிலத்தை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நாம் வாங்குவது சுவரையும் கட்டையையும் மட்டுமே. பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுக்கு எடுத்தது, வீட்டுவரி ரசீது யார் பெயரில் வருகிறது என்ற மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதும் கணக்கில் சேரும். இவை இலக்கியப் பத்திரிகைக்கு உகந்த செய்திகள் அல்ல என்று தோன்றலாம். பாட்டியின் மாடப்பிறையைப் பற்றி ஆறு பக்கம் எழுதுகிற நாம் அத்தையின் பங்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதாமல் விட்டதும் இலக்கியத்தின் கணக்கில்தான் சேரும்.

*

இரண்டாம் கட்சி என் நண்பர்களால் ஆனது. ஆகவே கொஞ்சம் தயக்கத்தோடு எழுதுகிறேன். ‘ஒரு செங்கலையும் மாற்றிவிடாதே. அப்படியே வைத்துக்கொள்’ என்கிறார்கள். எப்படியே? அந்த வீட்டின் அடுக்களைக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் தலைக்கு மேலே. நூறாண்டுப் புகை அங்கே சுவரில் கறுப்பாகப் படிந்திருக்கிறது. நண்பர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, என்ன ஒரு நிறம் என்று வியந்தார். அது நிறம் அல்ல. அங்கே நின்ற பெண்களின் நுரையீரலில் படிந்ததுபோக மிச்சம். பெரிய வீட்டின் மூலையில் எஞ்சும் இருட்டைப் பற்றி அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. நாம் அதைப் பாராட்டிப் பேசுகிறோம். பழைய வீடு என்றதும் மறந்துவிடுகிறோம்.

புறவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. வரைபடம் போட்டுத் தருகிற மரபுக் கட்டடக்கலை ஆர்வலர்கள் அதைக் காற்றோட்டத்துக்கானது என்று எழுதுகிறார்கள். அந்தச் சந்து யார் வந்து போவதற்காக, எதை எடுத்துச் செல்வதற்காக விடப்பட்டது என்பது அந்தப் பக்கமாக நடந்தவர்களுக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இல் ஒருமுறையும் 2013இல் இன்னொரு முறையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. கழிப்பறை வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மேன்மை என்று எண்ணிய ஒரு வாழ்க்கையின் வரைபடம் அது. அதை ‘அப்படியே’ வைத்துக்கொள்வது எப்படிப் பண்பாடாகும்? நான் வீடு வாங்கப்போவதைச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. “கக்கூஸ உள்ள வைக்கலாமா? எனக்கு ராத்திரி கெணத்தடி வரை நடக்க ஏலாது” என்றாள். எனக்குக் கிடைத்த கட்டடக்கலை ஆலோசனைகளில் ஆகச் சிறந்தது இதுவே.

அப்படியே வைக்க வேண்டிய வீடுகள் உண்டு. அவற்றுக்கான இடமும் உண்டு. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பல ஊர் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நெல்லைச் சீமை அக்கிரகார வீடும் அங்கே இருக்கிறது. நல்ல காரியம், பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். ஆனால் அங்கே மாலையானால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தேடுவது மாலையில் திரும்பிவருகிற வீட்டை. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக இங்கிலாந்தில் 1877இல் சங்கம் தொடங்கிய வில்லியம் மோரிஸும் பழைய தோற்றத்தை மீட்கிறேன் என்று புதிதாகப் பொய் செய்யாதே, அன்றாடம் கவனித்துப் பழுதுபார் என்பதைத்தான் வலியுறுத்தினார். இதை நம்மூர் வழக்கில் சொன்னால் வருஷா வருஷம் வெள்ளையடி, ஓடு மாற்று, தண்ணீர் போகிற வழியில் குப்பையை எடு என்பதுதான். சுவரும் கட்டையும் முற்றமும் நிற்க வேண்டும். அடுக்களையும் கழிப்பறையும் மின்கம்பியும் மாற வேண்டும். இதற்குமேல் இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

தொடாதே என்பவர்களும் இடி என்பவர்களும் எதிரெதிர்க் கட்சிகள் என்று தோன்றும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள். இடித்தவர் கதவையும் தூணையும் அங்கே விற்கிறார். தொடாதே என்றவர் அதே தூணை வாங்கிவந்து அடுக்ககத்தின் வரவேற்பறையில் பூந்தொட்டிக்குத் துணையாக நிறுத்துகிறார். வீடு போய்விட்டது, ஏக்கம் பத்திரமாக இருக்கிறது.

*

மூன்றாம் கட்சி பேசுவதில்லை என்று சொன்னேன். அது விலையாகப் பேசும், தாமதமாகப் பேசும். நான் விசாரித்த முதல் வீட்டில், தொலைபேசியில் எல்லாம் முடிவானபின், ஊர் எது, யார் வீட்டுப் பையன் என்று கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். மறுவாரம் அந்த வீடு விற்பனைக்கு இல்லை என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, சென்ற மார்கழியில், அந்த வீட்டின் இரண்டாம் கட்டு சரிந்து விழுந்தது. இப்போது இடத்தை மட்டும் விற்கிறார்கள். யாராக இருந்தாலும் சரி என்கிறார்கள். அந்தக் குடும்பத்தைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களில் ஒருவர் வருத்தத்தோடு பேசினார். தெருவிலுள்ள பெரியவர்களின் மனம் கோணக் கூடாது என்றார். அந்தத் தெருவில் இப்போது குடியிருக்கும் பெரியவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சேரன்மாதேவி. 1924, 1925 ஆண்டுகளில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிள்ளைகளைப் பிரித்துச் சோறு போட்டதன்மேல் எழுந்த பூசல் தமிழக அரசியலின் போக்கையே திருப்பியது. வீரமும் புலமையும் தியாகமும் கொண்ட மனிதர் அவர்; 1925இல் பாபநாசத்துக்கு மேலே அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப்போய் உயிர் விட்டார். அவ்வளவு பெரிய மனிதராலும் ஒரு பந்தியைப் பொதுவாக்க முடியவில்லை. நூறாண்டுகள் கழிந்துவிட்டன. பந்தி பொதுவாகிவிட்டது, பள்ளி பொதுவாகிவிட்டது, ரயில் பொதுவாகிவிட்டது. சில தெருக்களில் விற்பனைப் பத்திரம் மட்டும் இன்னும் தனிப்பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. அக்கிரகாரம் மட்டும் என்று இதை முடித்துவிட வேண்டாம். நெல்லைச் சீமையில் எந்தச் சாதித் தெருவிலும் வீடு வாங்கப்போய்ப் பாருங்கள், ‘நம்ம ஆளுக்குத்தான்’ என்ற சொல் காதில் விழும். பிறத்தியாருக்குக் கொடுப்பதைவிட வீடு பாழாவது மேல் என்பதை ஒருவரும் அப்படியே சொல்வதில்லை. நடப்பது அதுதான்.

உலகத்தில் வேறெங்கும் வீடு பாழாகவில்லையா? ஜப்பானில் 2023இல் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. இத்தாலியின் சிசிலியில் சாம்புகா என்ற ஊர் 2019இல் பதினாறு பாழ் வீடுகளை ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டது. வாங்குபவர் 5,000 யூரோ பிணையாகக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவழித்துப் பழுதுபார்த்து முடிக்க வேண்டும். முடித்தால் பிணை திரும்பக் கிடைக்கும். நிபந்தனையைக் கவனியுங்கள். நீ யார் வீட்டுப் பையன் என்பதல்ல, எப்போது வேலையை முடிப்பாய் என்பது. வீட்டின்மேல் உண்மையான பற்று கேட்கக்கூடிய கேள்வி அதுதான்.

*

இப்படியெல்லாம் எழுதியதால் எல்லோரும் ஆளுக்கொரு பழைய வீடு வாங்குங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலோர் வாங்கக் கூடாது. பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்து முற்றத்தில் படம் எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆளில்லாத வீட்டை முதலில் சாய்ப்பது பெருமழையோ நிலநடுக்கமோ அல்ல. தட்டட்டித் தூம்புவாயில் அடைத்துக்கொள்கிற கையளவு சருகு. தண்ணீர் நிற்கும், கசியும், கட்டை நனையும், செல் ஏறும். காக்கை போட்ட அரசம் விதை காரை இடுக்கில் வேர் விடும். குடியிருப்பவன் காலையில் பல் துலக்கிக்கொண்டே பிடுங்கிப்போடுகிற செடி, பூட்டிய வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளில் சுவரைப் பிளக்கும். ஊரில் இருந்து விற்க மறுப்பவரைப் பற்றி மேலே சொன்னதெல்லாம், ஊருக்கு வராமல் வாங்கி வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறுக்குத்துறையைச் சொன்னால் விளங்கும். ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது முருகன் கோவில். 1992இலும் வெள்ளம் அதை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோதும் மூழ்கியது. கல் கட்டடம் என்பது பாதிக் காரணம்தான். தண்ணீர் ஏறுமுன் உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேலக்கோவிலுக்குப் போகவும், வடிந்தபின் வண்டலை வாரி வெளியே போட்டுவிட்டு விளக்கேற்றவும் ஆட்கள் இருப்பது மறுபாதி. மூன்று மழைக்காலம் ஆள் போகாமல் இருந்தால் அந்தக் கல்மண்டபமும் மணல்மேடாகிவிடும்.

வாங்க நினைப்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்றுதான் என்று என் சிறு அனுபவத்தில் தோன்றுகிறது. ஆண்டில் பாதி நாளாவது அங்கே படுத்து எழுவேனா? வீட்டுக்குக் கொடுத்த விலைக்குச் சமமான தொகை, அதற்குப் பிறகும் கையில் மிஞ்சுமா? ஏனெனில் பழைய கட்டடத்துக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. சுவரைப் பிரித்தபின் வரும் செலவு பிரிக்குமுன் போட்ட கணக்கோடு ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. கடைசியாக, வீட்டில் சமைக்கவும் கழுவவும் போகிறவர் இந்த வீட்டை விரும்புகிறாரா, அல்லது என் வாசிப்புக்காக அவர் கிணற்றில் நீர் இறைக்கப்போகிறாரா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்பது விடையானாலும் வாங்காதிருப்பதே அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை. என் மனைவி மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்லவில்லை. இரண்டு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுக்களையை இரண்டாம் கட்டிலிருந்து முற்றத்தின் கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றுவதாக இருந்தால் சம்மதம் என்றாள். மாற்றுகிறோம்.

விற்பவர்களிடம் எனக்கு வேறு விண்ணப்பம் இல்லை. வரமாட்டீர்கள் என்றால் வரமாட்டோம் என்று முடிவுசெய்யுங்கள். அக்கா தங்கையின் பங்கைக் கொடுத்துப் பத்திரத்தைச் சுத்தமாக்குங்கள். குடியிருக்க வருபவர் யாராக இருந்தாலும் கூரை இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் எழுதுங்கள். நானே முதல் ஆளாகப் படிக்கிறேன். முற்றத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்றாலும் வாருங்கள், காப்பி தரலாம்.

எனக்கு விற்பவர்கள் நல்ல மனிதர்கள். அப்பா பெயரைக் கேட்டபின்பும் விலையைக் கூட்டவில்லை. ஒன்பது கையெழுத்துகளில் ஏழு வந்துவிட்டன. மீதி இரண்டில் ஒன்று வெளிநாட்டில் இருக்கும் சகோதரியுடையது. தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்கு நாள் வாங்கியிருக்கிறார். தட்டட்டியின் வடமேற்கு மூலையில் ஓர் அரசஞ்செடி முழங்கால் உயரம் நிற்கிறது. வேரோடு எடுத்து அந்த இடத்தில் காரை வைக்க வேண்டும் என்கிறார் கொத்தனார் அண்ணாச்சி. வீடு இன்னும் என்னுடையதல்ல என்றேன். “பத்திரம் பதியுத வரைக்கும் அது வளராம இருக்குமா?” என்று கேட்டார். விற்பவர்களுக்குத் தொலைபேசி செய்து அனுமதி கேட்டிருக்கிறேன்.